பட்டியல் வருகிற வரைக்கும்

பரீட்சை எழுதிவிட்டு ரிசல்டுக்குக் காத்திருக்கிற பிள்ளை உள்ள வீடு எப்படி இருக்கும் என்று நம்மில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பையன் சினிமாவுக்குக் காசு கேட்டால், "முதல்லே ரிசல்டு வரட்டும்." பெண் புதுச் சுடிதார் கேட்டால், "ரிசல்டு வரட்டும், பார்க்கலாம்." எதிர் வீட்டுக்காரர் கோலம் போட வந்த இடத்தில் கேட்டாலும் அதே பேச்சுத்தான். ஆனாலும் அதிலே ஒரு ஆறுதல் உண்டு. எழுதின எல்லாருக்கும் ஏதோ ஒரு மார்க்கு வந்தே தீரும். குறைச்சலோ ஜாஸ்தியோ, இத்தனைக்கு இத்தனை என்று ஒரு எண் கையில் கிடைக்கும்.

மார்க்கே கிடையாது, பட்டியலில் பெயர் இருக்கும் அல்லது இருக்காது, அவ்வளவுதான் என்றால் அந்தக் காத்திருப்பு எப்படி இருக்கும்? இந்த இதழில் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். விஷயம் நம் ஊருடையது இல்லை, அமெரிக்காவுடையது. "அமெரிக்கா சமாசாரம் நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள் சகோதரிகளே. இன்றைக்கு நம் தெருவிலேயே இரண்டு வீட்டுக்காவது பேரனோ பேத்தியோ அங்கே படித்துக்கொண்டிருக்கிறது. அங்கே ஒரு குழந்தை காத்திருந்தால், இங்கே ஒரு பாட்டி தூங்காமல் இருக்கிறாள்.

அங்கே ஹைஸ்கூல் கடைசி வருஷம், அதாவது நம் ப்ளஸ் டூ படிக்கிற மாணவ மாணவியருக்காகத் தேசிய அளவில் ஓர் அறிவியல் ஆராய்ச்சிப் போட்டி நடக்கிறது. 'ஸயன்ஸ் டாலண்ட் ஸர்ச்' என்று பெயர். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1942ல் ஆரம்பித்தது. முதலில் வெஸ்டிங்ஹவுஸ் என்கிற மின்சாரச் சாமான் கம்பெனி பரிசுப் பணம் கொடுத்தது. 1998லிருந்து இன்டெல். 2017லிருந்து ரீஜெனரான் என்கிற மருந்துக் கம்பெனி. பணம் கொடுப்பவர்கள் மாறினாலும் நடத்துகிற சங்கம் ஒன்றேதான். முதல் வருஷத்திலேயே ஒரு பையனுக்கும் ஒரு பெண்ணுக்கும் சேர்த்து முதலிடம் கொடுத்திருக்கிறார்கள். பையன் பால் டெஷன், பெண் மெரினா ப்ரஜ்மோவ்ஸ்கி. 1942ல் ஒரு பெண்ணைப் பையனுக்குச் சரிசமமாக மேடையில் நிறுத்தினார்கள் என்று படித்தபோது எனக்கு மனசு நிறைந்தது.

இப்போது இதற்குப் பரீட்சை ஹால் கிடையாது, கேள்வித்தாள் கிடையாது. கேள்வியையும் பிள்ளையே கேட்டுக்கொள்ள வேண்டும், பதிலையும் பிள்ளையே தேட வேண்டும். நாலு பேர் கூடிச் செய்ததை ஏற்க மாட்டார்கள். ஒருவர் செய்த ஆராய்ச்சியாக இருக்க வேண்டும். அதைக் கட்டுரையாக எழுதி, வாத்தியார்களின் கடிதம், பள்ளிக்கூட மார்க்கு விவரம் எல்லாவற்றோடும் நவம்பர் ஆரம்பத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். பிறகு காத்திருப்பதுதான் வேலை.

ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. ஜனவரி மாத ஆரம்பத்தில் 300 பேர் கொண்ட பட்டியல் ஒன்று வெளியாகும். அதில் பெயர் வந்தவர்கள் இன்னும் இரண்டு வாரம் போலக் காத்திருந்தால், அந்த 300 பேரிலிருந்து 40 பேரைப் பொறுக்குவார்கள். அந்த 40 பேரும் மார்ச்சு மாதம் வாஷிங்டனுக்குப் போய் ஒரு வாரம் தங்க வேண்டும். நடுவர்கள் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். தன் ஆராய்ச்சியைப் பற்றி மட்டும் இல்லை, சம்பந்தமே இல்லாத இன்னொரு துறையிலிருந்தும் கேட்பார்கள். பிள்ளை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறதா, யோசிக்கத் தெரிந்ததா என்று பார்க்கத்தான். கடைசியில் ஒரு ராத்திரி விருந்தில் பரிசுகளை அறிவிப்பார்கள்.

பரிசும் லேசுப்பட்டது இல்லை. 300 பேரில் ஒருவராக வந்தாலே பிள்ளைக்கு 2,000 டாலர், பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்துக்குத் தனியாக 2,000 டாலர். 40 பேரில் வந்துவிட்டால் குறைந்தது 25,000. முதல் பரிசு 2,50,000 டாலர். நம் பணத்தில் 2 கோடி ரூபாய்க்கு மேல். பள்ளிக்கூடத்துக்கும் பணம் உண்டு என்பதால் ஹெட்மாஸ்டரிலிருந்து எல்லாருக்கும் அந்தப் பிள்ளை மேல் ஒரு கண் இருக்கும் என்பதையும் கவனியுங்கள்.

போதாக்குறைக்கு, கல்லூரி விண்ணப்பங்களும் அதே சமயத்தில்தான். பெரும்பாலான பெரிய யுனிவர்சிட்டிகளுக்கு ஜனவரி ஆரம்பத்துக்குள் அனுப்ப வேண்டும். பதில் மார்ச்சு கடைசியில் வரும். ஆகவே பதினேழு வயசுக் குழந்தை இரண்டு அடுப்பிலும் பாலை வைத்துவிட்டு, எது முதலில் பொங்கும் என்று பார்த்துக்கொண்டே நிற்கிறது.

என் நாத்தனார் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன் அவள் மகள் இந்தப் போட்டிக்குக் கட்டுரை அனுப்பியிருந்தாள். பெயர் வேண்டாம், "பேர் போடாம எழுதினா எழுதிக்கோங்க அத்தை" என்று அவளே சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

அந்தப் பக்கம் பனி பெய்யும் காலத்தில் ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். உப்பு பட்டால் பனிக்கட்டி சீக்கிரம் உருகும், வண்டி வழுக்காது. பனி உருகின பிறகு அந்த உப்பு எங்கே போகும்? மழைத் தண்ணீரோடு வடிகாலுக்கும் ஓடைக்கும்தான். நல்ல தண்ணீரில் வாழ்கிற பூச்சி, புழு, மீன் எல்லாவற்றுக்கும் அது ஆகாது. இவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஓடை ஓடுகிறது. இந்தப் பெண் இரண்டு குளிர்காலம் முழுக்க அதிலிருந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்து, எந்த நாள் எவ்வளவு உப்பு என்று நோட்டில் குறித்திருக்கிறாள். டாஃப்னியா என்று ஒரு நீர்ப்பூச்சி, எள்ளை விடச் சின்னது. அதை ஜாடிகளில் வளர்த்து, ஒவ்வொரு ஜாடியிலும் ஒவ்வொரு அளவு உப்புப் போட்டு, எத்தனை உயிரோடு இருக்கிறது, எத்தனை குஞ்சு பொரிக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துத் தினம் எண்ணியிருக்கிறாள்.

"என் ஊறுகாய் ஜாடி ஒண்ணு பாக்கி இல்லை அண்ணி. எலுமிச்சங்காயைப் பிளாஸ்டிக் டப்பாவிலே போட்டு வெச்சிருக்கேன். சமையல் மேடை முழுக்கப் பூச்சி!" என்று நாத்தனார் போனில் அலுத்துக்கொள்வாள். அலுப்பிலேயே பெருமை வழியும்.

பெருமைப்பட்டது தப்பே இல்லை. நம் வயிற்றில் பிறந்தது ஒரு காரியத்தை இத்தனை பொறுமையாகச் செய்தால் யாருக்குத்தான் நாக்குச் சும்மா இருக்கும்? நவம்பரில் கட்டுரை போனதும், நாத்தனார் கோயிலில் நாலு பேரிடம் சொன்னாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சொன்னாள். குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாள். அதிலே முப்பத்தெட்டுப் பேர். கோயமுத்தூர் சித்தப்பாவிலிருந்து துபாய் ஓரகத்தி வரைக்கும் வாழ்த்துச் சொன்னார்கள். "ஜெயித்து வா" என்று ஒருவர் வேல் படம் அனுப்பினார். இங்கே என் மாமியார், பேத்தி பெயர் பட்டியலில் வந்தால் சமயபுரத்தாளுக்கு மாவிளக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டார். அப்புறம் தினமும் காபியோடு ஒரு கேள்வி: "வந்துடுச்சாமா?"

2017ல் முதல் பரிசு வாங்கின இந்திராணி தாஸ் என்ற பெண்ணும் நியூ ஜெர்சிதான். மூளையில் அடிபட்ட பிறகு நரம்பு செல்கள் ஏன் சாகின்றன என்று ஆராய்ச்சி செய்தவள். "அந்தப் பொண்ணும் இந்தப் பக்கம்தானே அண்ணி" என்று நாத்தனார் என்னிடமே மூன்று தடவை சொல்லிவிட்டாள். 2016ல் இறுதிக்கு வந்த 40 பேரில் 33 பேருடைய அப்பா அம்மா வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று ஒரு கணக்கு வெளியாயிற்று. இடம் பெயர்ந்து போனவர்களுக்குப் பிள்ளைகளின் படிப்பே ஆஸ்தி. அதனாலேயே நம்மவர்கள் வீட்டில் இந்தப் பட்டியலுக்கு இவ்வளவு மதிப்பு.

டிசம்பர் பாதியில் பெண்ணுக்கு வயிற்றுவலி ஆரம்பித்தது. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். சாப்பாட்டு மேஜையில் தட்டைத் தள்ளிவிட்டுப் போகிறவள், நடுராத்திரியில் எழுந்து தயிரும் சிப்ஸும் சாப்பிடுகிறாள். இரண்டு மணி வரைக்கும் போனும் கையுமாக இருக்கிறாள். யாராவது பேச வந்தால் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு விடுகிறாள். "என்கிட்டே பேசவே மாட்டேங்கிறா, நீங்க பேசிப் பாருங்க அண்ணி" என்றாள் நாத்தனார்.

நான் ரிசல்டைப் பற்றிக் கேட்கவில்லை. "அந்தப் பூச்சிக்குச் சாப்பாடு என்னடி போடுவே?" என்று கேட்டேன். எனக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. ஈஸ்டு கரைத்த தண்ணீரும் பச்சைப் பாசியும் போடுவாளாம். பத்து நிமிஷம் பூச்சியைப் பற்றியே பேசினாள். கடைசியில் அவளாகச் சொன்னாள்: "அத்தை, பேர் வரலைன்னா எனக்கு ஒண்ணும் ஆயிடாது. எங்க ஸயன்ஸ் டீச்சர் முதல்லேயே சொல்லிட்டாங்க, ரொம்பக் கஷ்டம்னு. ஆனா இத்தனை பேருக்கு யாரு போய்ச் சொல்றது? பாட்டிகிட்டே யாரு சொல்றது? அதை நெனச்சாத்தான் வயிறு வலிக்குது."

எனக்குச் சுருக்கென்றது. குழந்தையின் காத்திருப்பு ஒரு பங்கு என்றால், நாம் எல்லாரும் சேர்ந்து ஏற்றி வைத்திருந்த காத்திருப்பு முப்பத்தெட்டுப் பங்கு.

நான் எழுத நினைத்ததே இதைத்தான். பிள்ளை ஒரு பெரிய காரியத்துக்கு மனுப் போட்டிருக்கிறது என்றால், அதை யாருக்குச் சொல்வது என்கிற பொறுப்பு பிள்ளையுடையது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியட்டும். வாத்தியாருக்குத் தெரியும். அதற்கு மேல் ஒருவருக்குச் சொல்லுமுன், "அத்தைக்குச் சொல்லட்டுமா?" என்று கேட்டால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது. கல்யாணப் பேச்சை நிச்சயம் ஆகிற வரைக்கும் வாயைத் திறக்காமல் காப்பாற்றுகிறோமா இல்லையா? இதற்கும் அந்தச் சாமர்த்தியம் போதும்.

நாத்தனாரிடம் இதைச் சொன்னபோது முதலில் கோபம் வந்தது. "நான் என்ன ஊரைக் கூட்டித் தம்பட்டமா அடிச்சேன்?" என்றாள். அப்புறம் அவளே யோசித்து, வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டாள்: 'போட்டி முடிவு பற்றி நாங்களாகச் சொல்கிற வரை தயவு செய்து யாரும் குழந்தையிடம் கேட்க வேண்டாம்.' இரண்டு பேர் முகம் தூக்கிக்கொண்டார்கள். தூக்கிக்கொள்ளட்டும்.

கணக்கையும் வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. 2025ஆம் வருஷப் போட்டிக்கு வந்த மனுக்கள் ஏறத்தாழ 2,500. 300 பேர் என்பது நூற்றுக்குப் பன்னிரண்டு. 40 பேர் என்பது நூற்றுக்கு இரண்டு கூட இல்லை. மனுப் போட்டவர்களும் வழியில் போகிறவர்கள் இல்லை. எல்லாருமே ஒரு வருஷம் இரண்டு வருஷம் உழைத்தவர்கள். நூறு நல்ல தேங்காயில் இரண்டை எடுத்துக்கொண்டால் மீதி தொண்ணூற்றெட்டும் அழுகல் என்று யாராவது சொல்வோமா?

இன்னொன்றும் மனசில் இருக்க வேண்டும். எல்லாரும் ஒரே கோட்டிலிருந்து ஓடுவதில்லை. சில பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே யுனிவர்சிட்டி லாபரட்டரி, உதவிக்குப் புரொபஸர், அப்பாவே விஞ்ஞானி. சில பள்ளிக்கூடங்களில் இதற்கென்றே மூன்று வருஷ வகுப்பு. இன்னொரு பிள்ளைக்கு அம்மாவின் ஊறுகாய் ஜாடிதான் லாபரட்டரி. அதற்காக ஜாடியைக் குறைச்சலாக நினைக்க வேண்டாம். 2013ல் முதல் பரிசு வாங்கின கொலராடோ மாநிலத்துப் பெண் சாரா வோல்ஸ், எண்ணெய் எடுப்பதற்கான பாசியைத் தன் கட்டிலுக்கு அடியிலேயே வளர்த்தாள். பாசிக்கு எப்போது விளக்குப் போட வேண்டுமோ அதற்குத் தகுந்தபடி தன் தூக்கத்தையே மாற்றி வைத்துக்கொண்டாளாம். அவள் அம்மா கட்டிலுக்கு அடியில் பெருக்க எத்தனை பாடுபட்டிருப்பாள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

பட்டியலில் கடைசி வரைக்கும் போனவர்களின் கதை எல்லாருக்கும் தெரியும். லியான் கூப்பர், ஷெல்டன் கிளாஷோ, ஃப்ராங்க் வில்செக் என்று பின்னால் நோபல் பரிசு வாங்கினவர்களே பல பேர் இந்தப் போட்டியிலிருந்து வந்திருக்கிறார்கள். பாதி வழியில் நின்றவர்களின் கதையும் இருக்கிறது. நடாலி போர்ட்மன் என்கிற சினிமா நடிகை ஹைஸ்கூல் படிக்கும்போது, சர்க்கரையிலிருந்து ஹைட்ரஜன் வாயு எடுப்பது பற்றி ஆராய்ச்சி செய்தவர். இந்தப் போட்டியில் அரை இறுதி வரைக்கும் வந்தார். பிற்பாடு 'பிளாக் ஸ்வான்' படத்துக்காக ஆஸ்கார் வாங்கினார்.

இந்தப் போட்டிக்காரர்களில் எனக்கு மறக்க முடியாதவர் ரோல்டு ஹாஃப்மன். 1981ல் ரசாயனத்துக்கு நோபல் பரிசு வாங்கினவர். 1955ல் நியூயார்க் பள்ளிக்கூட மாணவனாக இதே போட்டியில் பரிசு பெற்றார். அவர் பிறந்தது அன்றைக்குப் போலந்தில், இன்றைக்கு உக்ரைனில் இருக்கிற ஒரு ஊரில், யூதக் குடும்பம். ஹிட்லர் படை வந்தபோது, 1943 ஜனவரியிலிருந்து 1944 ஜூன் வரைக்கும் ஒரு பள்ளிக்கூடத்துப் பரண் மேல் அம்மாவும் பிள்ளையும் ஒளிந்திருந்தார்கள். பிள்ளைக்கு அப்போது ஐந்தரை வயசு. வெளியே போகக் கூடாது, சத்தம் போடக் கூடாது. எப்போது விடியும் என்று சொல்வார் இல்லை. அப்பாவை முகாமில் கொன்றுவிட்டார்கள். அந்தப் பரணில் பழைய பாடப் புத்தகங்கள் கிடந்தன. அந்த அம்மா அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு பிள்ளைக்குப் படிக்கக் கற்றுக் கொடுத்தாள்; பூகோளப் பாடத்தை மனப்பாடம் செய்ய வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒன்றரை வருஷம்! குழந்தை 'எப்போ போலாம்?' என்று கேட்கிறபோதெல்லாம் அவள் ஒரு நதியையோ ஒரு ஊரையோ கேட்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் காத்திருந்தது உயிருக்காக; நம் பிள்ளைகள் காத்திருப்பது ஒரு பட்டியலுக்காக. இரண்டையும் ஒரு தராசில் வைக்கவில்லை. காத்திருக்கிற குழந்தைக்கு அம்மா என்ன கொடுக்க முடியும் என்பதற்கு இதை விட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நாமும் அதைத்தான் செய்யலாம். "ரிசல்டு எப்போ?" என்பதற்குப் பதில், "நீ செஞ்சது என்ன, எனக்குப் புரியறாப்பலே சொல்லு" என்று கேளுங்கள். "உனக்குப் புரியாதும்மா" என்று முதலில் சொல்லும். விடாதீர்கள். காய் நறுக்கும்போது கேளுங்கள், துணி மடிக்கும்போது கேளுங்கள். வாஷிங்டனுக்குப் போகிற 40 பேரும் ஒரு நாள் தங்கள் ஆராய்ச்சியை மாட்டி வைத்துக்கொண்டு, வருகிற பொதுஜனங்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் விளக்கிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் புரிய வைத்த பிள்ளை அங்கே திணறாது. வாஷிங்டன் போகாவிட்டாலும் சரிதான், பேச ஒரு விஷயம் கிடைத்ததே! என் நாத்தனார் தன் சமையலறையில் இரண்டு வருஷம் இருந்த பூச்சிக்கு முதுகில் பை மாதிரி இருக்கும், அதற்குள் முட்டை வைத்துக்கொள்ளும் என்பதை அந்த டிசம்பரில்தான் தெரிந்துகொண்டாள்.

சாப்பாடு, தூக்கம் பற்றி இரண்டு வார்த்தை. இந்த வயசுக்கு ராத்திரியில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். போனைக் கூடத்திலேயே வைத்துவிட்டுப் படுக்கட்டும். பிடுங்க வேண்டாம், நாமும் நம் போனைப் பக்கத்திலேயே வைத்துவிட்டால் போதும். சாயங்காலத்துக்குப் பிறகு காபி வேண்டாம். தட்டில் நிறையப் போட்டுக் கெஞ்சுவதை விட, ரசஞ்சாதமோ இட்லியோ பாலோ கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை கொடுக்கலாம். வயிற்றுவலி விடாமல் இருந்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் பிள்ளை யாரோடும் ஒட்டாமல் இருந்தாலோ, 'ரிசல்டு வந்தா சரியாயிடும்' என்று தள்ளிப் போடாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். 'நான் இருந்து என்ன பிரயோஜனம்' என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் அன்றைக்கே.

பட்டியல் வருகிற நாளன்று யார் முதலில் பார்ப்பது என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு நடந்தது. நாத்தனார் வேலைக்குப் போகாமல் லீவு போடுவதாக இருந்தாள். பெண் வேண்டாம் என்றாள். பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகளோடு பார்க்கவும் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, மாடியில் தன் அறையில், தான் மட்டும் பார்த்துவிட்டு, இறங்கி வந்து சொல்கிறேன் என்றாள். அப்படியே விட்டார்கள். கதவுக்கு வெளியே நிற்கக் கூடாது என்று நாத்தனாரிடம் நான் கறாராகச் சொல்லியிருந்தேன். நின்றாளாம்; மாடிப்படி பாதியில்.

பெயர் இல்லை.

இருபது நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. "வரலைம்மா" என்றாள். நாத்தனார் ஒன்றும் பேசாமல் தோசைக்கல்லைப் போட்டாள். 'அடுத்த தடவை பார்க்கலாம்' என்று சொல்லவும் வழி இல்லை. கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு மட்டும்தானே இந்தப் போட்டி. 'எல்லாம் நல்லதுக்குத்தான்' என்றும் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் எனக்கே பிடிக்காது. நாலு தோசை சாப்பிட்டுவிட்டுப் பெண் கொஞ்ச நேரம் அழுதாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பட்டியலில் வந்த ஒரு பள்ளித் தோழிக்கு அவளே வாழ்த்து அனுப்பினாள். அனுப்பு என்று யாரும் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் என்ன போடுவது என்பதையும் அவளே எழுதிக் கொடுத்தாள்: 'தேர்வாகவில்லை. வாழ்த்தியவர்களுக்கு நன்றி.' அவ்வளவுதான். நாத்தனார் அதோடு இன்னும் இரண்டு வரி சேர்க்கத் துடித்திருப்பாள். சேர்க்கவில்லை.

பிப்ரவரியில் நல்ல பனி. மறுநாள் காலையில் பெண் பூட்ஸைப் போட்டுக்கொண்டு பாட்டில்களோடு கிளம்பியிருக்கிறாள். "போட்டிதான் முடிஞ்சு போச்சே, இந்தக் குளிர்லே எதுக்குடி?" என்று அம்மா கேட்க, "போட்டிதான்மா முடிஞ்சுது, ரோட்லே உப்பு இன்னும் கொட்டிக்கிட்டுத்தானே இருக்காங்க" என்று பதில் வந்ததாம். ஊறுகாய் ஜாடி இன்னும் திரும்பி வரவில்லை.

என் மாமியாரிடம் நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "பேர் வந்தா மாவிளக்குன்னுதானே வேண்டிக்கிட்டீங்க, இப்போ என்ன செய்யறது?" என்று கேட்டேன். "என்னடி கேள்வி இது? பொண்ணு வயித்துவலி நின்னு சாப்பிடறாளா இல்லையா? ஆத்தாளுக்குக் கணக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமையே கிளம்பிவிட்டார். வீடியோவில் பார்த்த பேத்தி, அந்த விளக்கை எதில் செய்கிறார்கள், சாப்பிடலாமா என்று கேட்டாள். அவளுக்கு எழுதி அனுப்பினதையே இங்கேயும் போடுகிறேன். பச்சரிசி 2 ஆழாக்கை அரை மணி நேரம் ஊற வைத்து, வடித்து, துணியில் பரப்பி, ஈரம் முழுக்கப் போகாமல் மாவாக்கிச் சலிக்க வேண்டும். பொடித்த வெல்லம் ஒன்றரை ஆழாக்கு, ஏலக்காய் நாலு. தண்ணீர் விட வேண்டாம். வெல்லத்தின் பிசுபிசுப்பிலேயே மாவு சேர்ந்து வரும். உருட்டி நடுவில் குழி செய்து நெய் விட்டுத் திரி போடுங்கள். திரி குளிர்ந்த பிறகு பிய்த்துச் சாப்பிடலாம்.